கொசுவத்தில் ஒரு முடிச்சு

2018 ஆடித் தள்ளுபடி. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேல் தட்டில் இருந்த பட்டுச்சேலைகளை இறக்கக் கையைத் தூக்கினேன். தொப்புளுக்குக் கொஞ்சம் இடப்பக்கம், உள்ளே ஆழத்தில், யாரோ குடலைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வலி. சேலைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கல்யாணப் பெண்ணின் அம்மா, "அண்ணே, அந்த மாம்பழக் கலரைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். விரித்த சேலையை மடிக்கும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 26 வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்பதுதான். காலை ஒன்பதரைக்குக் கடையேறினால் இரவு ஒன்பது வரை. அன்றைக்கு எனக்கு வயது 46. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, அதுவரை ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை.

நம் ஊரில் வயிற்று வலிக்கு ஒரே பெயர்தான்: கேஸ். மேலே வலித்தால் கேஸ், கீழே வலித்தால் கேஸ், முதுகில் குத்தினாலும் கேஸ் முதுகில் ஏறிவிட்டது என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர், காலையில் வெறும் வயிற்றில் அசிடிட்டி மாத்திரை என்று எட்டு மாதம் ஓடியது. மாமியார் சொன்னார் என்று தொக்கம் எடுப்பவரிடமும் போனேன். வயிற்றைத் தடவி, ஊதி, கையில் எதையோ எடுத்துக் காட்டி, "இதுதாங்க உள்ள தங்கியிருந்தது" என்றார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், அதை மறைப்பதற்கில்லை. மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது. இன்னொருவர் குடலேற்றம் என்று சொல்லி விளக்கெண்ணெய் போட்டு வயிற்றை அழுத்தி உருவிவிட்டார். இப்போது அதை நினைத்தால் பதறுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வயிற்றை யாரும் அழுத்தக் கூடாது. இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பும். நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும், தெர்மாமீட்டரில் 99.5க்கு மேல் போகாது. 68 கிலோ இருந்தவன் 59க்கு வந்துவிட்டேன். எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர், அதாவது உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு அளவு, அது மட்டும் கூடுதல். அது எதற்கு வேண்டுமானாலும் கூடும் என்றார்கள். அந்த "ஒன்றும் இல்லை" இருக்கிறதே, முதல் தடவை கேட்கும்போது சந்தோஷமாக இருக்கும். மூன்றாம் தடவை கேட்கும்போது, நாம் பொய் சொல்கிறோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். வீட்டில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் தட்டை நகர்த்தி வைக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்ப்பாள்.

கடைசியில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மிஸ்டி மெசென்ட்ரி என்று இரண்டு வார்த்தை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் படித்துக் காட்டினாள். "மிஸ்டின்னா மூடுபனிப்பா" என்றாள். ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். சிடி படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும். என் வயிற்றின் நடுவில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் பரவியிருந்தது, கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கும் பனி மாதிரி. அதன் நடுவே சின்னச் சின்ன நெறிக்கட்டிகள். ஒரு வருஷமாக ஒன்றும் இல்லாத வயிற்றில் முதல் தடவையாக ஏதோ ஒன்று இருந்தது.

டிபியாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்த ஊரில், சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் வயிற்றில் நெறியுமாக ஒருவன் வந்து நின்றால், முதலில் வயிற்று டிபியைத்தான் நினைக்க வேண்டும். டிபி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கத் தோலில் போட்ட மாண்டூ ஊசியும் தடித்துவிட்டது. நம் ஊரில் பெரியவர்கள் பலருக்குப் போட்டாலும் அது தடிக்கும், எப்போதோ கிருமி உள்ளே போய் அடங்கியிருந்தாலே போதும் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆறு மாத மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்ன நர்ஸம்மாவுக்கு என் நன்றி. சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கே பாதி உயிர் போயிருக்கும்.

ஆறு மாதமும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டேன். வலி ஒரு இம்மிகூடக் குறையவில்லை. திரும்ப எடுத்த சிடியில் பனி அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் இறுகியிருந்தது. இனி மாத்திரையை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த டாக்டரே சென்னைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் அக்கா வீடு குரோம்பேட்டையில். தாம்பரத்தில் இறங்கி எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். அந்தக் காலத்தில் டிபி என்றால் மாதக்கணக்கில் அங்கே போய்ப் படுக்க வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த ஆராய்ச்சி மையம்தான், வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பதற்குச் சமமாகக் குணமாகும் என்று உலகத்துக்கே நிரூபித்தது. நான் ஆறு மாதமும் வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிட முடிந்தது அதனால்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆசையைச் சொல்லிவிடுகிறேன்: இது டிபியாகவே இருந்திருக்கலாமே. பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, முடிகிற தேதி இருக்கிறது.

2020 பிப்ரவரியில் லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் மூன்று சின்னத் துளை, இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி. மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த அறுவை மருத்துவரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகும் டாக்டர்களையே பார்த்துப் பழகியவனுக்கு அதுவே பெரிதாக இருந்தது. "உங்க குடல்ல நோய் இல்லை. குடலைப் பிடிச்சிருக்கிற சவ்வுல இருக்கு. கட்டி மாதிரி தடிச்சிருக்கு. துண்டு எடுத்திருக்கோம். முழுசா எடுக்க முடியாது, ஏன்னா அதுக்குள்ளதான் குடலுக்கு ரத்தம் போற குழாயெல்லாம் ஓடுது" என்றார். என் முகத்தில் ஒன்றும் தெளியவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்களுக்குச் சொல்றது ஈசி. கொசுவம் தெரியும்ல?"

சேலை ஐந்தரை மீட்டர். சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர். ஐந்தரை மீட்டர் துணியில் பெரும்பகுதியைக் கொசுவி, கையகலத்துக்குள் அடக்கி இடுப்பில் செருகிவிடுகிறோம். கீழே விசிறி மாதிரி விரிகிறது. நடந்தாலும் உட்கார்ந்தாலும் மடிப்பு கலைவதில்லை, காலும் தடுக்குவதில்லை. வயிற்றுக்குள்ளும் இதேதான். ஆறு மீட்டர் குடலின் ஓரம் முழுவதும் ஒரு சவ்வு ஒட்டியிருக்கிறது. அது மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டி ஒரு சாணுக்கும் குறைவான, சுமார் 15 சென்டிமீட்டர் கோட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சவ்வுதான் மெசென்ட்ரி. ஆட்டுக்குடல் சுத்தம் செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். குடலை உருவும்போது கூடவே வலை மாதிரி கொழுப்பும் நரம்புமாக ஒரு ஜவ்வு வருமே, அதுதான். அந்தக் கொழுப்புக்குள்தான் இரத்தக் குழாய், நிணநீர்க் குழாய், நரம்பு எல்லாம் ஓடுகின்றன.

என் நோய் அந்தக் கொசுவம் செருகிய இடத்தில். அங்கே உள்ள கொழுப்பு காரணம் தெரியாமல் அழற்சி கொள்கிறது, செத்துப்போகிறது, அந்த இடத்தில் தழும்பு மாதிரி நார்த்திசு வளர்கிறது. கஞ்சி போட்ட சேலையைக் கொசுவத்தோடு காயவிட்டால் மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போகும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி. குடல் தன் போக்கில் நெளிய முடியாமல் அது பிடித்து இழுக்கும். சாப்பிட்டதும் ஏன் வலித்தது, கையைத் தூக்கியதும் ஏன் இழுத்தது என்று அந்தக் கட்டிலில் படுத்தபடியே எனக்குப் புரிந்துபோனது. கேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றரை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்துத் திசுப் பரிசோதனை முடிவு வந்தது. டிபிக்கான அடையாளம் இல்லை. புற்றுநோய் இல்லை. நிணநீர்ப் புற்றுநோய், அதாவது லிம்போமா, இதே மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பதால் அதற்கென்று தனியாகச் சாயமேற்றிப் பார்த்திருந்தார்கள், அதுவும் இல்லை. செத்த கொழுப்பு, அழற்சி அணுக்கள், நார்த்திசு. பெயர்: ஸ்க்ளிரோசிங் மெசென்ட்ரைட்டிஸ். வாயில் நுழைய எனக்கு ஒரு வாரம் ஆனது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். அடுத்தமுறை அவசரத்துக்கு ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போனால் நான்தானே சொல்ல வேண்டும்.

அப்புறம் மகளும் நானுமாகத் தேடிப் படித்தோம். இந்த நோயைப் பற்றி 1924இல் ஜூரா என்ற இத்தாலிய அறுவை மருத்துவர் முதலில் எழுதியிருக்கிறார். அப்புறம் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். அழற்சி அதிகமாகத் தெரிந்தால் ஒரு பெயர், கொழுப்புச் சாவு அதிகமாகத் தெரிந்தால் ஒரு பெயர், தழும்பு அதிகமானால் இன்னொன்று. 1997இல் அமெரிக்காவில் 84 நோயாளிகளின் திசுக்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, இவை எல்லாம் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள் என்று முடிவு சொன்னார்கள். மாயோ கிளினிக் 2007இல் வெளியிட்டது 92 பேரின் கணக்கு. அதில் பத்தில் ஏழு பேர் ஆண்கள், பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். பத்தில் ஏழு பேருக்கு வயிற்று வலிதான் முதல் புகார். ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்தச் சிகிச்சையும் கொடுக்கப்படவில்லை. 92 பேர் என்பதைப் படித்ததும் எனக்கு என்னவோ செய்தது. எங்கள் கடையில் ஒரு மாடியில் நிற்பவர்களே அவ்வளவு பேர் இருப்போம்.

மெசென்ட்ரி என்பதே நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடந்த ஒன்று. லியனார்டோ டாவின்சி அதைத் தொடர்ச்சியான ஒரே உறுப்பாக வரைந்து வைத்திருந்தார். 1885இல் ட்ரீவ்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அது துண்டு துண்டாக இருப்பது என்று சொல்ல, நூறு வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. அயர்லாந்தின் லிமெரிக்கில் இருக்கும் கால்வின் காஃபி என்ற அறுவை மருத்துவர்தான், இது ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே தொடர்ச்சி, தனி உறுப்பாகவே இதைப் பார்க்க வேண்டும் என்று 2016இல் வலுவாக எழுதினார். குடலை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பியதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. முந்தானையையும் பார்டரையும் பார்ப்பவர்கள் கொசுவம் செருகிய இடத்தைப் பார்ப்பதில்லை.

மருந்து இரண்டு. ஸ்டீராய்டு, அதாவது பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் குறைப்பது. கூடவே டமாக்சிஃபென் 10 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மாயோ கணக்கில் இந்த ஜோடியைச் சாப்பிட்ட 20 பேரில் 12 பேருக்குக் குணம் தெரிந்திருக்கிறது. தழும்புத் திசு வளர்வதை டமாக்சிஃபென் மட்டுப்படுத்துகிறது என்று கருதுகிறார்கள். இந்த நோய்க்கென்றே கண்டுபிடித்த மருந்து எதுவும் கிடையாது, இரண்டுமே வேறு நோய்களிடமிருந்து வாங்கிய கடன்தான்.

டமாக்சிஃபென் சீட்டை எடுத்துக்கொண்டு மதுரையில் எங்கள் தெரு மெடிக்கலுக்குப் போனேன். அங்கே நிற்கும் பையனுக்கு என்னைப் பத்து வருஷமாகத் தெரியும். சீட்டைப் படித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணே... அக்காவுக்கா? எப்ப தெரிஞ்சது?" என் மனைவியைத்தான் கேட்கிறான். மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்பது அவனுக்குத் தெரியும். "இல்ல தம்பி, எனக்குத்தான்" என்றேன். அவனுக்கு மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நின்ற ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாத்திரையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த மாத்திரை எனக்குப் புதிதில்லை. குரோம்பேட்டை அக்காவுக்கு 2011இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இதே மாத்திரையைச் சாப்பிட்டார். அன்று இரவே அவருக்கு போன் போட்டேன். பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சாப்பிட்டுட்டுப் போடு. கால்ல ஒரு பக்கம் மட்டும் வீங்குச்சுன்னா, வலிச்சுதுன்னா, காத்திருக்காத, உடனே ஓடு. ரத்தம் கட்டும்" என்றார். டாக்டர் அச்சடித்த காகிதத்திலும் அதுதான் இருந்தது. ஆனால் அக்கா சொன்ன பிறகுதான் தினமும் ராத்திரி இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது.

ஸ்டீராய்டு ஆரம்பித்துப் பத்து நாளில் வலி பாதியாகக் குறைந்தது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டேன். மனைவி அடுப்படியில் போய் நின்று அழுதாள். அதற்கு அடுத்த வாரம் ஊரடங்கு. கொரோனா வந்த நேரத்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு நான். மகள் வாசலுக்கு உள்ளே ஒரு கோடு கிழித்தாள், அதைத் தாண்டி யாரும் வரக் கூடாது. பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள்.

ஸ்டீராய்டு கொடுப்பதையும் கொடுக்கும், எடுப்பதையும் எடுக்கும். முகம் பௌர்ணமி மாதிரி உருண்டுவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பசி பசி என்று திரிந்தேன். சர்க்கரை 240க்கு ஏறியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது, அதற்குப் பிறகு அழுகை வந்தது. அதைக் குறைக்கும்போது இன்னொரு கஷ்டம். வெளியிலிருந்து தினமும் வருவதால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி வைத்துவிடும். அதைத் தட்டி எழுப்ப அவகாசம் கொடுத்து, வாரா வாரம் இம்மி இம்மியாகத்தான் குறைக்க வேண்டும். ஊரடங்கில் ஒரு வாரம் மாத்திரை கிடைக்காமல் போய்விடுமோ என்று நான் பட்ட பயம் நோயைவிடப் பெரிது. வலி குறைந்துவிட்டது என்று தானாக நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம்.

நோயின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "கேன்சரா?" இல்லை என்பேன். "அப்பாடா. கேன்சர் இல்லையே, அப்புறம் என்ன?" அதோடு பேச்சு முடிந்துவிடும். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, மனசார ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். எனக்கும் கேன்சர் இல்லை என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் ஒரு கதவை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு வலிக்கிறது என்று சொல்ல வாய் வராது. சாவுக்கும் சுகத்துக்கும் நடுவில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. நாள்பட்ட நோய்க்காரர்கள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறோம். அங்கே யாரும் எங்களை வந்து பார்ப்பதில்லை.

அக்கா ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்காதவர். கேட்பதற்கு எல்லா உரிமையும் உள்ளவர் அவர். ஒரு நாள் போனில் சொன்னார்: "எனக்கு முடி கொட்டினப்ப ஊரே வந்து பாத்துச்சுடா. ஆரஞ்சும் ஆர்லிக்ஸுமா வீடு நிறைஞ்சுது. உன்னை யாரு வந்து பாத்தா?" நான் பதில் சொல்லவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார். வந்தார். கையில் ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில். ஐம்பத்தைந்து வயதுப் பெண், ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, சர்க்கரை ஏறிக் கிடக்கும் தம்பிக்கு ஆர்லிக்ஸ் கொண்டு வந்திருக்கிறார். குடிக்கவில்லை. பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது, எடுத்து எறிய மனசு வரவில்லை.

கடைக்கு வருவோம். திரும்ப வேலைக்குப் போனபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. அந்த முடிச்சு கீழ்நோக்கி இழுக்கும். ஸ்டூல் கேட்டேன். அந்த நாளில் கடையில் அது கேட்கக் கூடாத ஒன்று. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கிற மாதிரி உனக்குத் தெரியவில்லையே என்றும் ஒரு பேச்சு. வெளியே ஒரு கட்டுக்கூடப் போடாத நோய்க்கு என்ன சாட்சி காட்டுவது? 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தது. கேரளத்தில் 2018லேயே வந்துவிட்ட உரிமை அது. கொஞ்ச நாள் கழித்து எங்கள் மாடியிலும் ஸ்டூல்கள் வந்தன. சிவப்பு பிளாஸ்டிக், நான்கு பேருக்கு ஒன்று. எனக்காக வந்த சட்டம் இல்லை. கால் நரம்பு சுருண்டு புடைத்தபடி நின்ற எத்தனையோ பெண்களுக்காக வந்தது. ஆனால் முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது, அந்த முடிச்சு ஒரு பிடி தளர்ந்த மாதிரி இருந்தது. அன்று என் பக்கத்தில் நிற்கும் பெண், "அண்ணே, மதியம் வரைக்கும் நீங்களே வச்சுக்கங்க" என்றாள். அவளுக்கும் கால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த நோய்க்கென்று நிரூபிக்கப்பட்ட பத்தியம் எதுவும் இல்லை. எனக்கு ஒத்துவருவதைச் சொல்கிறேன். மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்துக்கொண்டேன். காலையில் இரண்டு இட்லி, பதினோரு மணிக்கு மோர்க்கஞ்சி. பரோட்டாவும் கறிதோசையும் எனக்கு இனி வாசம் பிடிக்க மட்டும். எண்ணெய் மிதக்கும் எதையும் தொட்டால் அன்று இரவு தூக்கம் போனது போனதுதான். எடை இப்போது 64. மனைவி மாதம் ஒருமுறை, ரேஷன் கடைத் தராசில் மூட்டையை ஏற்றுவதைப் போல என்னை ஏற்றி நிறுத்துப் பார்க்கிறாள்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வார்த்தை வந்திருக்கலாம். கல்லடைப்புக்கோ, அப்பெண்டிக்ஸுக்கோ சிடி எடுத்திருப்பீர்கள், கீழே மிஸ்டி மெசென்ட்ரி என்று ஒரு வரி இருக்கும். முதலில் பயப்படாதீர்கள். கிரீஸில் 7620 பேரின் வயிற்று சிடியைப் பார்த்ததில் 49 பேருக்கு, அதாவது 0.6 சதவீதம் பேருக்கு, இந்த மாற்றம் தெரிந்திருக்கிறது. சிடியில் தெரிபவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, அவர்களுக்கு மருந்தும் வேண்டியதில்லை. ஆனால் அந்த வரியை அப்படியே விட்டும் விடாதீர்கள். எடை குறைகிறதா, சாயங்காலக் காய்ச்சல் இருக்கிறதா, நெறி பெரிதாக இருக்கிறதா, திரும்ப எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். லிம்போமா இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. டிபி மருந்து ஆரம்பித்தால் முழுதாகச் சாப்பிடுங்கள், பாதியில் விடாதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

எனக்கு நோய் போய்விடவில்லை. ஸ்டீராய்டு 2021இலேயே நின்றுவிட்டது, டமாக்சிஃபென் தொடர்கிறது. இடையில் ஒருமுறை குடல் அடைத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு மூன்று நாள் படுத்திருந்தேன். நல்ல வாரமும் உண்டு, சேலையை விரித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாரமும் உண்டு. கடைசி ஸ்கேனில் "முன்பிருந்ததைப் போலவே, மாற்றமில்லை" என்று வந்தது. நானும் மனைவியும் அன்று ஸ்கேன் சென்டர் வாசலில் இளநீர் குடித்தோம்.

அடுத்த ஸ்கேன் தை மாதம். பொங்கல் கூட்டம் முடிகிறவரை கடையில் லீவு கேட்க முடியாது, அதனால் தை மூன்றாம் வாரத்துக்கு எழுதி வாங்கியிருக்கிறேன். பழைய ஃபிலிம்களை எல்லாம் மஞ்சப்பையில் தேதிவாரியாக அடுக்கி, பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.